எங்கள் வீட்டின் இரண்டு கொம்யூன்கள்

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் கணவர் எனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. முதல் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. "பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தில் உள்ள முன்மொழிவு தெளிவாக இல்லை" என்று தொடங்கியது.

நான் காரைக்காலில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். அவர் பக்கத்துக் கொம்யூனில் அதே மேல்நிலை எழுத்தர். கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சொல். வெளியூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பல ஊர்களைச் சேர்த்து ஒரு பஞ்சாயத்து. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, பிறப்பு இறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கேதான். எங்கள் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால், ஒரு மதகு, மூன்று டீக்கடை. அவ்வளவுதான் தூரம்.

உள்ளாட்சித் தேர்தல் நடந்து வெகு காலமாகிவிட்டதால் இரண்டு பக்கமும் தலைவர் கிடையாது, உறுப்பினர்கள் கிடையாது. எல்லாம் ஆணையர்தான். அதிலும் ஆள் பற்றாக்குறை. எங்கள் ஆணையருக்கே பக்கத்துக் கொம்யூனையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தார்கள். திங்கள், புதன், வெள்ளி எங்களிடம் இருப்பார். செவ்வாய், வியாழன் மதகுக்கு அந்தப் பக்கம். ஒல்லியான மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. கையில் எப்போதும் இரண்டு பை. பச்சைப் பை எங்களுக்கு, காக்கிப் பை அவர்களுக்கு. பச்சைப் பை நாளில் காக்கிப் பையின் ஜிப்பைத் தொடமாட்டார்.

இந்த நிலையில்தான் புதுச்சேரியிலிருந்து ஓர் ஓலை வந்தது. இரண்டு கொம்யூன்களையும் இணைப்பது பற்றி யோசிக்க வேண்டும், அதற்கு முன்னால் குப்பை வண்டி, தெருவிளக்கு ஏணி வண்டி, கழிவுநீர் லாரி இவற்றைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று இருந்தது.

நான் கோப்பை எடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்குப் போனேன். படித்துவிட்டு, "அந்தக் கொம்யூன் ஆணையரோட கருத்து என்னன்னு கேட்டு ஒரு கடிதம் போடுங்கம்மா" என்றார்.

"சார், அந்த ஆணையர் நீங்கதான்."

"நாளைக்கு நான்தான். இன்னைக்கு நான் இந்த ஆணையர்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆளு ஒண்ணும்மா. பதவி ரெண்டு. ஒரு பதவி இன்னொரு பதவிய எழுதித்தான் கேக்கணும். வாய்ல கேட்டா நாளைக்கு ஆடிட்ல யாரு பதில் சொல்றது?"

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அதே ஊரில் அதே மனிதருக்குப் போகவேண்டிய கடிதம் என்பதால், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சாயந்திரம் அவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது உறையை நீட்டினேன்.

"என்னது இது?"

"எங்க ஆபீஸ்லேந்து உங்க ஆபீசுக்கு. நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

அவர் வாங்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தபடி தள்ளி நின்றார். "சமையக்கட்டுல தபால் வாங்கினேன்னு வரவுப் பதிவேட்டுல எப்புடி எழுதறது? முறையா அனுப்பு."

முறையாக அனுப்பினேன். பதிவுத் தபால் எந்தெந்த ஊரைச் சுற்றியதோ, மதகைத் தாண்ட நான்கு நாளாயிற்று. இதற்குப் பதிலாக வந்ததுதான் நான் முதலில் சொன்ன கடிதம். என் முன்மொழிவு தெளிவாக இல்லை என்றும், ஏழு விவரங்கள் விடுபட்டிருக்கின்றன என்றும், கழிவுநீர் லாரியைப் பகிரும் பட்சத்தில் லாரி எந்தக் கொம்யூனில் இரவு தங்கும் என்பது குறித்து மௌனம் சாதிக்கப்பட்டுள்ளது என்றும் என் கணவர் எழுதியிருந்தார். கீழே எங்கள் ஆணையரின் பச்சை மைக் கையெழுத்து.

புதன்கிழமை அதை ஆணையர் முன்னால் வைத்தேன். படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது.

"யாரும்மா இப்புடி எழுதுறது? மௌனம் சாதிக்கிறோமாமே?"

"சார், கையெழுத்து உங்களோடது."

அவர் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். "அங்க உக்காந்திருக்கையில இது சரியாத்தான் பட்டுச்சு. இங்கேருந்து படிச்சா கோவம் வருது" என்றார். பிறகு, "காட்டமா ஒரு பதில் போடுங்க" என்றார்.

அந்த மாதம் முழுக்க இப்படித்தான் போயிற்று. பகலில் நாங்கள் கடிதத்தில் சண்டை போட்டோம். சாயந்திரம் அவர் கிழங்கான் மீன் வாங்கி வருவார், நான் குழம்பு வைப்பேன். சாப்பிடும்போது, "உங்க ஆபீஸ் கடிதத்துல 'ஒருங்கிணைப்பு'ங்கறதுல ஒரு 'ங்' விட்டுப்போச்சு" என்பார். "உங்க ஆபீசுல வேற வேலை இல்லியாங்க?" என்பேன். வீட்டில் அதற்குமேல் பேசக்கூடாது என்று ஒரு ஏற்பாடு, தானாக வந்துவிட்டது.

ஆனால் அவர் ஏன் இவ்வளவு முட்டுக்கட்டை போடுகிறார் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒருநாள் அவருடைய சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது பையில் ஒரு காகிதம். பணிமூப்புப் பட்டியலின் நகல். என் பெயரின் கீழேயும் அவர் பெயரின் கீழேயும் கோடு. நான் அவரைவிட நாற்பது நாள் முன்னால் வேலையில் சேர்ந்தவள். இரண்டு கொம்யூனும் ஒன்றானால் ஒரே அலுவலகம், ஒரே பிரிவு. அந்தப் பிரிவில் நான் அவருக்கு மேல்.

காகிதத்தை மடித்து மறுபடி பையிலேயே வைத்துவிட்டு, சட்டையைத் துவைக்காமல் கொடியில் மாட்டினேன். சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம், என்மேல் இவருக்கு இப்படி ஒரு பயமா என்று மனசு என்னவோபோல ஆயிற்று. அன்றைக்கு அவருக்கு ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினேன். "என்ன விசேஷம்?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தார் ஆணையர். மக்கள் வருவதற்கு வசதி என்று நான் நினைத்தேன். அவருடைய காரணம் வேறு. "ஞாயித்துக்கெழம எந்த ஆபீசுக்கும் சேராது. அன்னைக்கு நான் ரெண்டு பேராவும் இருக்கலாம்."

இடம்தான் கிடைக்கவில்லை. எங்கள் கூடத்தில் வைத்தால் அவர்களுக்குக் குறை, அவர்கள் கூடத்தில் வைத்தால் எங்களுக்கு. கடைசியில் மதகை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். மண்டபம் அவர்கள் எல்லையில், நாற்காலிகள் எங்களுடையவை என்று பேசி முடித்தோம். மண்டபத்துக்காரர், "பதினொன்றரைக்கு மேல ஒரு காதுகுத்து இருக்கு. அதுக்குள்ள முடிச்சிடணும்" என்று சொல்லிவிட்டார். பத்து மணிக்குத் தொடங்கினால் முடிந்துவிடும் என்று ஆணையர் ஒப்புக்கொண்டார்.

நாங்கள் போனபோது மேடை ஏற்கனவே காதுகுத்துக்குத் தயாராக இருந்தது. பின்னால் தெர்மாகோல் மயில் இரண்டு. நடுவே ஊதா விளக்கு. தாய்மாமனுக்கும் அம்மாவுக்கும் போட்டிருந்த இரண்டு சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்களை எடுக்கக்கூடாது, அலங்காரம் கலைந்துவிடும் என்றார்கள். ஆணையர் பச்சைப் பையை ஒரு சிம்மாசனத்தின் கீழேயும் காக்கிப் பையை இன்னொன்றின் கீழேயும் வைத்தார். நான் பச்சைப் பைப் பக்கம் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். என் கணவர் காக்கிப் பைப் பக்கம். நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் யாரும் அதன்பிறகு நாங்கள் பேசிக்கொண்டதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பத்து மணிக்குப் பொதுமக்கள் ஏழு பேர். பத்தேகாலுக்கு ஒன்பது.

ஆணையர் முதல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து இணைப்பின் நன்மைகளை வாசித்தார். முடித்ததும் எழுந்தார், நாலு அடி நடந்தார், இரண்டாவது சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். "இப்பொழுது பேசிய ஆணையரின் கருத்துகளை வன்மையாக மறுக்கிறேன்" என்று தொடங்கினார். முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டினார். யாரும் சிரிக்கவில்லை. ஆணையரின் முகம் அப்படி. மறுபடி எழுந்து முதல் சிம்மாசனத்துக்கு வந்து, "லாரி இரவில் எங்கே தங்கினாலும் காலையில் வந்துவிடும் அல்லவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதில் சொல்வதற்காக அந்தப் பக்கம் போனார். நான் வேகமாக எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில், யார் பேசியது என்று குழம்பி, "ஆணையர்" என்று மட்டும் போட்டேன்.

பிறகு மக்களைப் பேசச் சொன்னார். தலையாட்டிய பெரியவர் முதலில் எழுந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கம் அவர்களைச் சொல்தா என்போம். மைக்கைப் பிடித்து முதலில் இரண்டு நிமிஷம் பிரெஞ்சில் பேசினார். நான் "பிரெஞ்சில் பேசினார்" என்று எழுதிக்கொண்டேன்.

"தமிழ்ல சொல்லுங்கய்யா" என்றார் ஆணையர்.

"சொல்றேன் முசே. நான் பொறந்தது இந்தப் பக்கத்துக் கொம்யூன். கல்யாணம் பண்ணது அந்தப் பக்கத்துக் கொம்யூன். வருஷா வருஷம் நான் உசுரோட இருக்கேன்னு பாரிசுக்குக் காயிதம் அனுப்பணும். அதுல பொறந்த கொம்யூன் பேரு எழுதணும். நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேர மாத்திப்புட்டா, அப்புடி ஒரு கொம்யூனே இல்லேம்பான் அவன். பொறந்த எடமே இல்லேன்னா நான் எப்புடிப் பொறந்திருக்க முடியும்? பொறக்காதவன் எப்புடி உசுரோட இருக்க முடியும்?"

ஆணையர் எந்தச் சிம்மாசனத்திலிருந்து பதில் சொல்வது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே நின்றார். என் கணவர்தான் எழுந்து, "ஐயா கேக்குறது நியாயம். பழைய பேரப் பதிவேட்டுல வச்சிருக்கறதுக்கு வழி பண்ணணும்னு எழுதிக்கிறேன்" என்றார். அதற்கு அந்தப் பெரியவர், "மெர்சி. ரெண்டு பேரும் எழுதிக்குங்க" என்று என்னையும் காட்டிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இருவரும் எழுதினோம்.

அடுத்து ஓர் அம்மா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் போனை முன்னால் நீட்டியபடி வந்தார். போனில் வீடியோவில் ஓர் ஆள் தெரிந்தார். "இது எங்க மச்சான். துபாய்ல இருக்காஹ. அவஹதான் கருத்து சொல்லுவாஹ. எனக்கு வீட்டுல வேல கெடக்கு, சீக்கிரம் கேட்டுக்குங்க."

வெளிநாட்டில் இருப்பவர் கூட்டத்தில் கலந்துகொண்டதாக ஆகுமா என்று ஆணையர் யோசித்தார். போனை மைக்கின் அருகே வைத்ததும் கூடம் முழுக்கக் கீச்சென்றது. அதற்கு நடுவே துபாயிலிருந்து, "அஸ்ஸலாமு அலைக்கும். எங்க தெருவுல ஒரு சாரி அந்தக் கொம்யூன், மறு சாரி இந்தக் கொம்யூன். காலைல ரெண்டு குப்பை வண்டியும் எதிரும் புதிருமா வந்து மாட்டிக்குது. ஒருத்தரும் பின்னால எடுக்கமாட்டேங்குறாஹ. நான் ஊருக்கு வந்தப்ப பாத்தேன். அத மட்டும்..." என்று கேட்டது. அப்புறம் சிக்னல் போய்விட்டது. முகம் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றது. அந்த அம்மா போனைத் தட்டிப் பார்த்தார். "நான் சொல்றேன்" என்று மைக்கைப் பிடித்தார். "சேருங்க, சேராம இருங்க. வண்டி வந்தா போதும். இன்ஷா அல்லா." இதைவிடத் தெளிவான கருத்து அன்றைக்கு வரவில்லை.

இதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. காதுகுத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, மின்விசிறி பார்த்து உட்கார ஆரம்பித்தார்கள். கும்பகோணத்திலிருந்து ஒரு வேன். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வேன். வாசலில் எங்கள் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக வந்தவர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பன்னீர்ச் சொம்பிலிருந்து தெளித்துக்கொண்டு வந்தார்கள். சொல்தாவுக்கும் யாரோ தெளித்தார்கள். ஒன்பது பேர் கூட்டம் கண்முன்னே நூற்றைம்பது ஆயிற்று. ஆணையர் முகத்தில் முதல்முறையாக ஓர் ஒளி வந்தது. மக்கள் ஆர்வம் காட்டுகிறார்கள் என்று உண்மையாகவே நம்பினார்.

நான் சீட்டு எழுதிக் கொடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைச் சொல்லாததற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். நாற்பது நாள் மூப்பு என் மனதிலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

ஆணையர் மேடையின் நடுவே வந்து நின்று, இரண்டு பதவியின் சார்பாகவும் ஒரே குரலில் கேட்டார். "ரெண்டும் ஒண்ணா சேர்ந்து இருக்கலாம்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

கூடமே கை தூக்கியது. சின்னப் பிள்ளைகள் இரண்டு கையையும் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் தாய்மாமன் சீர் வந்து சேர, நாதஸ்வரம் பிடித்துக்கொண்டது. தவில் சத்தத்தில் என் கணவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார்.

"கை தூக்குனவங்கல்லாம் எந்த ஊருங்க?"

முன்வரிசையில் இருந்த தலைப்பாகைக்காரர் எழுந்து பதில் சொன்னார். "மாப்ள வீட்டுப் பக்கம் கும்பகோணம். பொண்ணு வீட்டுப் பக்கம் நாகப்பட்டினம்."

"அப்புறம் எதுக்கு இங்க கை தூக்குறீங்க? நீங்க வேற மாநிலம்!"

"ஒண்ணா இருக்கட்டுமான்னு அந்த அய்யா கேட்டாரு. ஒரு நல்ல காரியத்துல வந்து, வேண்டாம் பிரிஞ்சே இருக்கட்டும்னு எவனாச்சும் சொல்லுவானா?"

என் கணவர் மைக்கைக் கீழே வைத்தார். சீர்த்தட்டுகள் மேடையேறிவிட்டன. இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு நாங்கள் இறங்கினோம். குழந்தையின் அம்மா, "ஐயா, சாப்புடாம போவக்கூடாது" என்று ஆணையரை மறித்தார். எந்த அலுவலகத்தின் சார்பில் சாப்பிடுவது என்று அவர் யோசித்திருக்கலாம். ஆனால் போய் உட்கார்ந்தார். நானும் என் கணவரும் ஒரே பந்தியில் அடுத்தடுத்த இலை. வடை வைக்கும்போது அவர் என் காதருகே குனிந்து, "வெளிமாநிலத்தார் வாக்கு செல்லாதுன்னு நான் எழுதுவேன்" என்றார். "எழுதிக்குங்க. பாயசம் நல்லா இருக்கு" என்றேன்.

இரண்டு நடவடிக்கைக் குறிப்புகள் புதுச்சேரிக்குப் போயின. நான் எழுதியதில் பெருந்திரளான மக்கள் ஏகமனதாக ஆதரித்தார்கள். அவர் எழுதியதில் ஒன்பது பேர் வந்தார்கள், அதில் ஒருவர் துபாயில் இருந்தார். இரண்டிலும் ஒரே பச்சைக் கையெழுத்து. ஆறு மாதம் பதில் இல்லை.

பதில் வந்தபோது கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லை. இணைப்பு பரிசீலனையில் இருக்கிறதாம். குப்பை வண்டிகள் அப்படியே இருக்கட்டுமாம். கழிவுநீர் லாரி பழுதாகிவிட்டதால் அதைப் பகிர முடியாதாம். பகிரக்கூடியது என்று அவர்கள் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர் ஓய்வுபெற்று இடம் காலியாக இருந்தது. அந்த வேலையைப் பக்கத்துக் கொம்யூன் மேல்நிலை எழுத்தர் வாரம் இரண்டு நாள் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு. செவ்வாயும் வியாழனும். அன்றைக்கு ஆணையர் எங்கள் அலுவலகத்தில் இருக்கமாட்டார். அதனால் பிரிவின் மூத்த எழுத்தர் மேற்பார்வை செய்ய வேண்டும். அது நான்.

உத்தரவை அவர் வீட்டில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல வண்டியில் கிளம்பினோம். என் அலுவலக வாசலில் நான் இறங்கினேன். அவர் வண்டியை நிறுத்த நிழல் தேடிப் பின்பக்கம் போனார். வந்து கையெழுத்துப் போடும்போது நேரம் பத்து நிமிஷம் தாண்டிவிட்டது. விதிப்படி சிவப்பு மையில் ஒரு குறி போட வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பதிவேட்டைப் பார்த்தபடி, "போடுங்க மேடம். ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். போட்டேன்.

முதல் வாரங்களில் அவர் மேசைப் பக்கம் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மழைக்கு ஒதுங்கினவள்போல ஒரு பெண் உள்ளே வந்தாள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றாள். எந்த நாள் என்று கேட்டதும் அவளால் பேச முடியவில்லை. நாங்கள் வழக்கமாக விண்ணப்பத்தை நீட்டி, நிரப்பிக்கொண்டு வரச் சொல்லிவிடுவோம். என் கணவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். நின்றபடியே, தன் கையாலேயே விண்ணப்பத்தை நிரப்பினார். அப்பா பெயரில் இரண்டு சுழி 'ன'வா மூன்று சுழி 'ண'வா என்று தணிந்த குரலில் கேட்டார். "அவரு எப்புடிக் கையெழுத்துப் போடுவாரோ அப்புடியே எழுதிடுவோம்மா" என்றார். அரைமணி நேரம் ஆயிற்று.

ஒரு எழுத்து விடுபட்டதற்காக என்னோடு ஒரு மாதம் மல்லுக்கு நின்ற மனிதர் இவர்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் வேலை செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் போனதும் கோப்பை என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"கையெழுத்து, மேடம்."

படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "மத்தியானம் என்ன கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நீ கட்டிக் குடுத்ததுதான்" என்றார்.

அந்த ஏற்பாடு எட்டு மாதம் நடந்தது. பிறகு வேறொருவரைப் போட்டார்கள். ஆணையர் மாற்றலாகிப் போனார். கொம்யூன்கள் இன்னும் இரண்டுதான்.